ராவிலே என்றால் காலையா, இரவா?
நோயாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு, கதையும் எழுதிய டாக்டர்கள்

"ராவிலெ ஒந்நு." மாத்திரைப் பொட்டலத்தை நீட்டியபடி, கேரளத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்லப்படும் வார்த்தை இது. மலையாளத்தில் 'ராவிலெ' என்றால் காலையில் என்று பொருள். இரவுக்கு அவர்கள் சொல்வது 'ராத்ரி'. ஊரிலிருந்து புதிதாக மலையேறி வந்த தமிழருக்கோ 'ராவிலே' என்றால் இரவிலே என்றுதான் காதில் விழும். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். காலையில் விழுங்க வேண்டிய மாத்திரையை இரவில் விழுங்குவார்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் சில, காலைச் சாப்பாட்டை ஒட்டிச் சாப்பிட வேண்டியவை. அவற்றை இரவில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்தால், தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நினைவு தப்பிப் போகலாம். நீர் பிரிவதற்கான மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டவர் விடிய விடிய எழுந்து, மலைக்குளிரில் வெளியே நடக்க நேரும். வயதானவர் இருட்டில் இடறி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

டாக்டர் தவறு செய்யவில்லை. நோயாளியும் தவறு செய்யவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு சொல் தவறிவிட்டது. அந்தச் சொல்லைப் பற்றியே ஆராய்ந்தவர்களும், அதற்காகப் பேனாவை எடுத்துக் கதை எழுதிய டாக்டர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் நம் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் கதையையே எழுதியவர்.

பள்ளிவாசலில்...

அடிமாலியிலிருந்து மூணாறு செல்லும் வழியில் இருப்பது பள்ளிவாசல். 1940ஆம் ஆண்டில் திருவாங்கூர் சமஸ்தானத்தின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது இங்கேதான். சுற்றிலும் தேயிலை. லயங்களில் மூன்று, நான்கு தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள். திருநெல்வேலி, கயத்தாறு, சங்கரன்கோவில், தேனி என்று ஊர்ப் பெயர்கள் இன்றும் பேச்சில் புழங்குகின்றன.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. மூணாறு வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசுகிற டாக்டர்களும் நர்சுகளும் உண்டு. ஆகவே சளி, காய்ச்சலுக்கு மொழி ஒரு தடையாக இருப்பதில்லை. நோய் பெரிதாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், மலையிறங்கும் ஜீப்பில் நோயாளி போகிறார். தமிழ் தெரிந்த நர்ஸ் இங்கேயே நின்றுவிடுகிறார். இதனாலேயே பலர் எதிர்த்திசையில் போடிமெட்டு வழியாகத் தேனிக்குப் போய்விடுகிறார்கள். நெஞ்சு வலியோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது எல்லோருக்கும் இயலுகிற காரியமா?

புதிதாக வருகிறவர்களின் நிலை இன்னும் மோசம். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்தவர்கள், மகளின் பிரசவத்துக்குத் துணையாக ஊரிலிருந்து வந்த தாயார், மாற்றலாகி வந்த குமாஸ்தாவின் குடும்பம் ஆகிய இவர்கள்தான் 'ராவிலெ'யில் அகப்பட்டுக்கொள்கிறவர்கள். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும்கூடத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது.

அக்காள் தங்கை மொழிகள்

தெரியாத மொழியாக இருந்தால் ஆபத்து குறைவு. சீன மொழியில் ஒருவர் பேசினால் 'புரியவில்லை' என்று உடனே கையை விரிப்போம். தமிழும் மலையாளமும் அக்காள் தங்கை. பாதி புரியும். அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும். புரிந்துவிட்டது என்று இருவருமே நம்பிக்கொண்டு வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"தூக்கம் குறஞ்ஞோ?" என்று டாக்டர் கேட்கிறார். மலையாளத்தில் 'தூக்கம்' என்றால் எடை. உடம்பு எடை குறைந்ததா என்பது கேள்வி. காச நோயையும் சர்க்கரை வியாதியையும் கண்டுபிடிக்க உதவும் முக்கியமான கேள்வி அது. நம்மவர், "இல்லீங்க டாக்டர், நல்லாத் தூங்குறேன்" என்கிறார். எடை குறையவில்லை என்று டாக்டர் எடுத்துக்கொள்கிறார். இடுப்பு வேட்டி நழுவுகிற அளவுக்கு அவர் இளைத்திருப்பது சீட்டில் ஏறாமலே போகிறது. தூக்கத்துக்கு மலையாளத்தில் 'உறக்கம்'. அந்தச் சொல் நமக்கும் தெரியும். ஆனால் டாக்டர் அதைக் கேட்கவில்லையே!

"மருந்நு கழிச்சோ?" என்றால் மருந்து சாப்பிட்டாயா என்று பொருள். 'கழிக்குக' என்றால் அவர்களுக்கு உண்பது. நமக்கோ கழிச்சல் என்றால் வயிற்றுப்போக்கு. "ஆமாம், நாலு தடவை" என்று பதில் வந்தால், நாலு வேளை மருந்து உள்ளே போயிற்று என்றே கணக்கு.

"பனி உண்டோ?" என்றால் காய்ச்சல் இருக்கிறதா என்பது. மார்கழியில் உறைபனி விழும் மூணாறு மலையில், "விடிகாலையில் ரொம்ப இருக்கு டாக்டர்" என்று சொல்பவரைக் குறை சொல்ல முடியுமா?

"காலில் நீருண்டோ?" என்றால் காலில் வீக்கம் உண்டா என்று கேட்பது. "வெள்ளம் குடிக்கணம்" என்றால் தண்ணீர் குடிக்க வேண்டும். "எந்தா விஷமம்?" என்றால் என்ன கஷ்டம் என்று கேட்பது; நம் பக்கத்தில் விஷமம் செய்வது பிள்ளைகள். "குழப்பமில்லா" என்றால் பயப்படும்படி ஒன்றுமில்லை என்று ஆறுதல். "ஊணினு சேஷம்" என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. சேஷம் என்றால் மீதி என்று அறிந்தவர், மிச்சச் சோற்றோடு சாப்பிட வேண்டும்போலும் என்று நினைத்துக்கொள்வார்.

நம் பக்கத்திலிருந்து போகும் சொற்களும் அப்படித்தான். "மயக்கமா வருது" என்று நாம் சொல்வது தலை சுற்றி விழப்போவதை. மலையாளத்தில் 'மயக்கம்' கண் அயர்வதைக் குறிக்கும். தலை சுற்றலுக்கு அவர்கள் சொல் 'தலகறக்கம்'. வேலைத்தலத்தில் விழுந்துவிட்ட ஒருவர், தூக்கக் கலக்கத்தோடு வந்தவராகப் பதிவாகிவிடலாம். ஒரு பெண் "தூரம் நிக்கலை" என்று கூச்சத்தோடு சொன்னால், மாதவிலக்கு நிற்கவில்லை என்பது நமக்குப் புரியும். மலையாளத்தில் தூரம் என்றால் தொலைவு மட்டுமே.

ஒரு சொல்லின் விலை

ஒரே ஒரு சொல் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு பதில் சொல்லும். 1980ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார். குடும்பம் கியூபாவைச் சேர்ந்தது. பேசுவது ஸ்பானிஷ் மொழி. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற எண்ணத்தில் அவர்கள் சொன்ன சொல் 'இன்டாக்சிகாடோ'. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அதே ஒலியுள்ள ஒரு சொல் உண்டு. அதற்குப் பொருள் போதையேறியவர் என்பது.

போதை மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டவர் என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். அந்த வழியிலேயே வைத்தியம் நடந்தது. உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக் கசிவு. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கை, கால் நான்கும் செயலிழந்து போயின. வழக்கு நடந்து, வாழ்நாள் முழுவதுக்குமாக ஏறக்குறைய 7 கோடியே 10 லட்சம் டாலர் நஷ்டஈடு என்று முடிவாயிற்று. அன்று மொழிபெயர்த்துச் சொல்ல முறையான ஆள் யாரும் அழைக்கப்படவில்லை. இரு தரப்புக்கும் புரிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அங்கே ஸ்பானிஷும் ஆங்கிலமும். இங்கே தமிழும் மலையாளமும். ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொல் எங்கும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

ஆனைமலை டாக்டர்

சொல் புரிந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள்ளும் கேட்கிற மனம் வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டு டாக்டர் பி. எச். டேனியல். பால் ஹாரிஸ் டேனியல் என்பது முழுப்பெயர்.

மூணாறு மலைக்குப் பக்கத்து மலையான ஆனைமலையில், வால்பாறை வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் 1940களில் டாக்டராக இருந்தவர் அவர். அவரிடம் வந்தவர்கள் கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே. வயதான தொழிலாளர்கள் அவரிடம் வியாதியைச் சொல்லும்போது வாழ்க்கையையும் சேர்த்துச் சொன்னார்கள். மலையேறிய கதை, கங்காணியிடம் வாங்கிய முன்பணம், அது தீராமல் வளர்ந்த விதம், மலைக்காய்ச்சலில் மாண்ட உறவுகள் என்று எல்லாம் வந்தன. அவர் கேட்டுக்கொண்டார். தொழிலாளர்களோடு நெருங்கிப் பழகி, சங்கம் அமைக்கவும் பாடுபட்டார்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பெயர், வயது, வியாதி என்று கட்டங்கள் உண்டு. 'காய்ச்சல்' என்று ஒரு கட்டத்தில் எழுதிவிடலாம். காய்ச்சலோடு ஒருவன் ஏன் மலைக்காட்டுக்கு வேலைக்குப் போனான் என்று எழுதுவதற்குக் கட்டம் இல்லை. கடன் என்பது வியாதிப் பட்டியலில் இல்லை. ஆனால் அந்த நாளில் ஆளைக் கொன்றதில் கொசுவுக்குப் பாதிப் பங்கு என்றால் கடனுக்கு மறுபாதிப் பங்கு.

கட்டத்துக்குள் அடங்காததை டேனியல் நாவலாக எழுதினார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த நாவலின் பெயர் 'ரெட் டீ'. 1969ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதை நடப்பது 1920களில். திருநெல்வேலிச் சீமைக் கிராமம் ஒன்றிலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறும் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும்தான் கதையின் நாயகர்கள். ஆசை காட்டி அழைத்துப்போகும் கங்காணி, துரைமார் அதிகாரம், அட்டைக்கடி, கொள்ளைக் காய்ச்சல், கணக்குத் தீர்க்கிற நாளில் கைக்கு ஒன்றும் வராத கொடுமை எல்லாம் அதில் உண்டு. லயத்தில் பிறந்த எவரும் தன் பாட்டனாரின் கதை என்றே சொல்வார்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர்கள் அந்தக் கதையை டாக்டரிடம் சொன்னது தமிழில். புத்தகமாக வந்தது ஆங்கிலத்தில். சொன்னவர்களில் பெரும்பாலோருக்கு அதைப் படிக்கும் வாய்ப்பே இல்லை. இரா. முருகவேள் அதைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தது 2007ஆம் ஆண்டில். தமிழில் சொன்ன கதை தமிழுக்குத் திரும்ப 38 ஆண்டுகள் பிடித்தன. 2013ஆம் ஆண்டில் பாலாவின் இயக்கத்தில் 'பரதேசி' என்ற படமாகவும் வந்தபோதுதான் பலருக்கு இப்படி ஒரு டாக்டர் இருந்தார் என்பதே தெரிந்தது.

பதினெட்டு வினாடி

டேனியல் போலக் கேட்பதற்கு டாக்டருக்கு நேரம் வேண்டாமா என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. வெளி நோயாளிகள் வரிசை வராந்தாவைத் தாண்டி வாசல்வரை நிற்கும்போது ஒவ்வொருவர் கதையையும் எப்படிக் கேட்பது?

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், டாக்டரும் நோயாளியும் பேசிக்கொண்ட 74 சந்திப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்து 1984ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியதும் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார். 74 பேரில் 17 பேர்தான் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தார்கள். வசதியுள்ள நாட்டிலேயே இந்தக் கதி.

நம் நாட்டில் நிலைமை எப்படி? பல நாடுகளின் கணக்குகளைத் திரட்டி 2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியாவில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு நிமிடம். சுவீடன் நாட்டில் இருபது நிமிடத்துக்கும் மேல். அந்த இரண்டு நிமிடத்துக்குள் மொழியும் இடறினால் மிஞ்சுவது என்ன?

முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் முக்கியமான குறையாக இருப்பதில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். "கால் வலி" என்று தொடங்குவார்கள். கூச்சமான விஷயமும், பயமான விஷயமும் கடைசியில்தான் வாய்க்கு வரும். அதற்குள் சீட்டு எழுதி முடிந்துவிடும்.

வியாதி வேறு, முடியாமை வேறு

இந்தத் துறையில் பெரிய பெயர் ஆர்தர் கிளைன்மன். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர், மானிடவியலும் படித்தவர். தைவான் நாட்டு மக்களிடையே தங்கி, அவர்கள் நோயை எப்படி நினைக்கிறார்கள், யாரிடம் முதலில் போகிறார்கள் என்று ஆராய்ந்தார். டாக்டர் பார்ப்பது வியாதி. நோயாளி அனுபவிப்பது வேறொன்று என்பது அவர் கருத்து. நாம்கூட ஒன்றை 'வியாதி' என்கிறோம், மற்றொன்றை 'உடம்புக்கு முடியலை' என்கிறோம் அல்லவா?

1978ஆம் ஆண்டில் அவரும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. நோயாளியிடம் டாக்டர் கேட்க வேண்டிய எளிய கேள்விகள் சிலவற்றை அவர் வகுத்துத் தந்தார். இந்தத் தொந்தரவுக்கு நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் இந்தச் சமயத்தில் தொடங்கியது? இதனால் உங்களுக்கு என்ன கஷ்டம்? எதை நினைத்து மிகவும் பயப்படுகிறீர்கள்? எந்த மாதிரி வைத்தியம் வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

இவற்றைத் தோட்டத்தில் கேட்டுப் பார்த்தால் அருமை விளங்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நம்மவர், "வாயுப் பிடிப்பு" என்பார். பூண்டு சாப்பிடுவார், சோடா குடிப்பார், காலை வரை பார்ப்பார். அது மாரடைப்பாக இருந்தால் அந்த இரவே உயிர் போகலாம். எதனால் என்று நினைக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால், 'வாயு' என்ற எண்ணம் வெளியே வந்திருக்கும். இது அதுவல்ல என்று எடுத்துச் சொல்லியிருக்கலாம். இரத்தக் கொதிப்பு மாத்திரையை இடையில் நிறுத்துகிறவரும் அப்படியே. "உடம்பு சூடாகுது, நிறுத்திட்டேன்" என்பார். அவர் கணக்கில் அது நியாயம். அந்தக் கணக்கை டாக்டர் அறிந்தால்தான் மறு கணக்குச் சொல்ல முடியும்.

ஆஸ்பத்திரி ஊழியராக இருந்த எழுத்தாளர்

டேனியலுக்குப் பிறகு, வைத்தியத்தையும் கதையையும் ஒன்றாகப் பிடித்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் டாக்டர் ஆபிரகாம் வர்கீஸ். பெற்றோர் கேரளத்தவர். எத்தியோப்பியாவில் ஆசிரியர்களாக வேலை பார்த்தார்கள். அங்கே 1955ஆம் ஆண்டில் பிறந்தார் வர்கீஸ். புலம் பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை என்பதால் அவர் கதை நமக்கும் பொருந்தும்.

அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, 1974ஆம் ஆண்டில் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசி பதவியிழந்து நாடு கலவரப்பட்டது. படிப்பு நின்றது. அமெரிக்கா சென்ற அவர், ஆஸ்பத்திரிகளில் கடைநிலை ஊழியராக வேலை செய்தார். நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, படுக்கை மாற்றுவது போன்ற வேலைகள். டாக்டர் வந்து போகும் சில நிமிடங்கள் போக, மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்பதை அந்த வேலையில்தான் கண்டுகொண்டார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார்.

அமெரிக்காவில் ஒரு சிற்றூர்ப் பக்கம் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்த அனுபவத்தை 1994ஆம் ஆண்டில் புத்தகமாக எழுதினார். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த 'கட்டிங் ஃபார் ஸ்டோன்' நாவல் பெரும் புகழ் தேடித் தந்தது. 2023ஆம் ஆண்டில் வந்த 'தி கவனன்ட் ஆஃப் வாட்டர்' நாவல் கேரளத்துக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. சென்னையும் அதில் வருகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவர் இளம் டாக்டர்களுக்கு வற்புறுத்துவது ஒன்றே: நோயாளியின் படுக்கை அருகே போய் உட்காருங்கள், தொட்டுப் பாருங்கள், பேசுவதைக் கேளுங்கள். 2008ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் நோயாளிக்கே எல்லாக் கவனிப்பும் கிடைக்கிறது, கட்டிலில் கிடக்கும் நோயாளி காத்துக்கொண்டிருக்கிறார் என்று வருந்தினார். கம்ப்யூட்டர் அதிகம் இல்லாத ஊர்களுக்கும் இது பொருந்தும். சீட்டும் திரையும் ஒன்றுதான். டாக்டர் தலை நிமிர்ந்து பார்க்கிறாரா என்பதே கேள்வி.

பிள்ளை வாயால் தாயின் நோய்

மலையாளம் தெரியாத தாய்க்கு யார் மொழிபெயர்க்கிறார்கள்? பெரும்பாலும் மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைதான். பன்னிரண்டு வயதுப் பையனை அழைத்துக்கொண்டு தாய் டாக்டரிடம் போகிறாள். வெள்ளைப்படுவதையும் கர்ப்பப்பை இறங்கியிருப்பதையும் பெற்ற பையனிடம் எப்படிச் சொல்வாள்? "இடுப்பு வலின்னு சொல்லு" என்பாள். இடுப்பு வலிக்கு மாத்திரை கிடைக்கும். கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் உடம்பு அந்த மாத்திரையோடு இன்னும் நான்கு வருஷம் ஓடும். பிறகு ஆபரேஷன் என்பார்கள்.

பையனின் நிலையும் பரிதாபமே. தாயின் வியாதி பெரியது என்று டாக்டர் சொன்னால், அதைத் தாய்க்குச் சொல்ல வேண்டியவனும் அவனே. அந்த வயதில் அந்தச் சுமை எதற்கு? மொழிபெயர்ப்பவர் வளர்ந்தவராக இருக்க வேண்டும். பெண்ணுக்குப் பெண்ணாக இருந்தால் நல்லது. கூட்டியும் குறைத்தும் சொல்லாதவராக இருக்க வேண்டும் என்று இத்துறையினர் சொல்வது இதனால்தான்.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, பக்கத்தில் இருந்து கவனிப்பவரையும் நான்காவதாகச் சேர்த்து, இந்த நால்வகையும் கூடியதே வைத்தியம் என்றார். பிற மாநிலத்தில் இருக்கும் தமிழருக்கு அந்த நான்காவது ஆள், மொழி தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

செய்யக்கூடியவை

கேரள அரசு 1969ஆம் ஆண்டில் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத வழி செய்தது. ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் மனுவைத் தமிழில் எழுதலாம் என்று போராடிப் பெற்ற நாம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேசும் தமிழைப் பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வசதி என்பதில் கட்டிலும் மருந்தும் மட்டுமா அடங்கும்?

பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலில் தமிழிலும் ஒரு பலகை வைக்கலாம். மாத்திரை உறையில் சூரியன், சந்திரன் படம் அச்சிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் காலை, இரவு விளங்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த நர்ஸ் யார் என்று பெயர் எழுதி ஒட்டலாம். சங்கங்கள் போனஸ் பேச்சோடு இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவோடு நிற்காமல், மெடிக்கல் காலேஜ் உள்ள ஊர்களில் துணைக்கு வரக்கூடியவர்களின் பட்டியல் ஒன்றைத் தயார் செய்யலாம்.

நோயாளியும் சிலவற்றைச் செய்ய முடியும். போகுமுன் மூன்று விஷயங்களை மனத்தில் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எதை நினைத்துப் பயம். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். சாப்பிட்டுவரும் மாத்திரைகளை உறையோடு கொண்டுபோங்கள். புரியாவிட்டால் "எனிக்கு மலையாளம் ஷரிக்கு அறியில்லா" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். மலையாளம் சரியாகத் தெரியாது என்பது அதன் பொருள். நெஞ்சு வலிக்கு 'நெஞ்சு வேதன', மூச்சுத் திணறலுக்கு 'சுவாசம் முட்டல்', இருமலுக்கு 'சும', தலைசுற்றலுக்கு 'தலகறக்கம்', வயிற்றுப்போக்குக்கு 'வயறிளக்கம்', நினைவு தப்பினால் 'போதம் போயி' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். இந்த ஆறு சொற்களையும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். "காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு, அப்படித்தானே?" என்று கேட்க ஐந்து வினாடி போதும். எந்த டாக்டரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் முன்னோர் சொன்னது.

டேனியலிடம் தொழிலாளர்கள் வாய் திறந்து சொன்னதால் ஒரு காலத்தின் கொடுமை உலகத்துக்குத் தெரிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டதால்தான் அவர்கள் சொன்னார்கள். பள்ளிவாசலிலும் கோட்டயத்திலும் இன்று நடக்க வேண்டியதும் இந்த இரண்டு காரியங்களே. நம் பங்கு, சொல்வது. அதைத் தெளிவாகவும் தயங்காமலும் சொல்லப் பழகிக்கொள்வோம்.